28 குதிரை ஓடும் ரேஸில் எப்படிக் கட்டுவது: வின்னா, ஈச்-வேயா, எக்ஸ்சேஞ்சா, டோட்டா?

ஏப்ரலில் கிராண்ட் நேஷனல் நெருங்கும்போதும் ஜூனில் ராயல் ஆஸ்கட் தொடங்கும்போதும் பிரிட்டனில் இருக்கும் வாசகர்கள் கேட்பது ஒன்றுதான்: பெரிய ஹேண்டிகேப் ரேஸில் பணம் கட்டுவது பிரயோஜனமா? கட்டினால் எப்படிக் கட்டுவது? கொழும்பு புக்கிக் கடைகளில் இங்கிலாந்து ரேஸுக்குக் கட்டுகிறவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. எந்தக் குதிரை என்று கேட்டால் டிப்ஸ் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த முறையில், என்ன விலைக்கு, எத்தனை இடத்துக்குக் கட்டுவது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைவு. ஆனால் பெரிய ஹேண்டிகேப்பில் கையிலிருக்கும் காசு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை இந்த இரண்டாவது கேள்விதான் தீர்மானிக்கிறது. அதனால் இங்கே முறைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். வின் என்றால் குதிரை ஜெயித்தால் மட்டும் காசு. ஈச்-வே என்றால் பாதிக் காசு வெற்றிக்கு, பாதி முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு (பிளேஸ்); பிளேஸுக்கு வின் விலையின் கால் பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் கிடைக்கும். எக்ஸ்சேஞ்ச் என்பது கட்டுகிறவர்களே எதிரெதிராக விலை வைக்கும் சந்தை. டோட் என்பது எல்லார் காசையும் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பது.

## முதலில், இந்த ரேஸ்களின் அமைப்பு

ஹேண்டிகேப்பில் நல்ல குதிரை கூடுதல் எடை சுமக்கும், சுமாரான குதிரை குறைவாகச் சுமக்கும். பிரிட்டிஷ் குதிரைப்பந்தய ஆணையத்தின் மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் எண் தருகிறார்கள். ஒரு புள்ளி என்பது ஒரு ராத்தல் எடை. (காசுப் பவுண்டோடு குழம்பாமல் இருக்க, எடையை இந்தக் கட்டுரை முழுக்க ராத்தல் என்றே சொல்கிறோம்.) 150 ரேட்டிங் குதிரை 140 ரேட்டிங் குதிரையைவிட 10 ராத்தல் அதிகம் சுமக்கும். எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் வந்து முடிக்க வேண்டும் என்பது மதிப்பீட்டாளரின் கனவு.

எடை முடிவை எவ்வளவு மாற்றும் என்பது தூரத்தைப் பொறுத்தது. சுமாராகச் சொன்னால் 5, 6 ஃபர்லாங் (8 ஃபர்லாங் ஒரு மைல்) ஓட்டத்தில் ஒரு குதிரை நீளம் 3 ராத்தலுக்குச் சமம்; ஒரு மைலில் 2 ராத்தல்; இரண்டு மைலில் 1 ராத்தல். ஆறு ஃபர்லாங் ரேஸில் கழுத்தளவு வித்தியாசத்தில் தோற்ற குதிரைக்கு அடுத்த முறை ஒரு ராத்தல் சலுகை கிடைத்தாலே கணக்கு தலைகீழாகிவிடும்.

இங்கே பேசப்படும் ரேஸ்கள்: எய்ன்ட்ரீயில் 30 தடைகள் தாண்டி 4 மைல் இரண்டரை ஃபர்லாங் ஓடும் கிராண்ட் நேஷனல் (2024 முதல் 40க்குப் பதில் அதிகபட்சம் 34 குதிரை), நியூமார்க்கெட்டின் கேம்பிரிட்ஜ்ஷயர், சீசரவிச், ராயல் ஆஸ்கட்டின் ராயல் ஹன்ட் கப், வோக்கிங்ஹாம், குட்வுட்டின் ஸ்டூவர்ட்ஸ் கப், யார்க்கின் ஈபோர், ஏர் கோல்ட் கப், டான்காஸ்டரின் லிங்கன். எல்லாவற்றிலும் களம் நிறைந்திருக்கும். முடிவும் அதற்கேற்பச் சிதறும். 2004 கேம்பிரிட்ஜ்ஷயரை 100/1 விலையில் (ஒரு பவுண்டுக்கு 100 பவுண்டு லாபம்) ஸ்பானிஷ் டான் வென்றது. 2009 நேஷனலை அதே 100/1 விலையில் மோன் மோம் வென்றது. 2019 கேம்பிரிட்ஜ்ஷயரிலோ ஃபேவரிட்டாக, அதாவது களத்திலேயே மிகக் குறைந்த விலையில் ஓடிய மூன்று வயது லார்ட் நார்த் ஜெயித்து, அடுத்த ஆண்டே ஆஸ்கட்டில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஸ்டேக்ஸையும் வென்றது.

## எதை வைத்து எடைபோடுகிறோம்

1. புக்கியின் பங்கு. 100 பவுண்டு போட்டால் சராசரியாக எவ்வளவு திரும்பும்? இதுதான் தலையாய அளவுகோல்.
2. விலை உறுதி. பார்த்த விலையே கிடைக்குமா, ரேஸ் முடிந்த பிறகுதான் தெரியுமா?
3. வறட்சி. ஒரு காசும் திரும்பாமல் எத்தனை முறை தொடர்ந்து தோற்க நேரும்?
4. உழைப்பு. 28 குதிரைகளின் கடைசி 5 ஓட்டங்களைப் பார்த்தால் மொத்தம் 140 ஓட்டம். ஓட்டத்துக்கு 3 நிமிடம் என்றாலும் 7 மணி நேரம். பத்துப் பவுண்டு பந்தயத்துக்கு இது கட்டுப்படியாகுமா?
5. கணக்கின் ஆயுள். தொடர்ந்து நல்ல விலை பிடிப்பவரின் கணக்கைப் பிரிட்டிஷ் புக்கிகள் சில பென்ஸ் அளவுக்குச் சுருக்கிவிடுவது சாதாரணம். அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை.

முதல் அளவுகோலுக்கு ஒரு கணக்கு போடலாம். ஸ்டூவர்ட்ஸ் கப் போல 28 குதிரை, எல்லாமே சம பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான விலை 27/1. புக்கி ஒவ்வொன்றுக்கும் 18/1 தருகிறார். ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் 18 பவுண்டு லாபம், கட்டிய காசு சேர்த்து 19 பவுண்டு கைக்கு வரும். 28 குதிரையிலும் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டால் 28 போய் 19 திரும்பும். குதிரைக்கு ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் என்று புக்கி வைக்கும் லாபம் பெரிய களத்தில் இப்படித்தான் மலையாகக் குவிகிறது. எட்டுக் குதிரை ரேஸில் அதே விகிதம் 12 முதல் 16 சதவீதத்தோடு நின்றுவிடும்.

| முறை | 100 பவுண்டுக்குச் சராசரியாகத் திரும்புவது | விலை உறுதி |
|---|---|---|
| புக்கியிடம் வின் மட்டும், 18/1 | 68 | உண்டு |
| ஈச்-வே, 4 இடம், கால் பங்கு, 18/1 | 73 | உண்டு |
| ஈச்-வே, 5 இடம், ஐந்தில் ஒரு பங்கு, 18/1 | 75 | உண்டு |
| ஈச்-வே, 6 இடம், ஐந்தில் ஒரு பங்கு, 18/1 | 83 | உண்டு |
| ஈச்-வே, 7 இடம், ஐந்தில் ஒரு பங்கு, 16/1 | 83 | உண்டு |
| ஈச்-வே, 7 இடம், ஐந்தில் ஒரு பங்கு, 14/1 | 74 | உண்டு |
| டோட் வின் | 81 | இல்லை |
| டோட் பிளேஸ்பாட் (ஆறு ரேஸிலும் இடம் பிடிக்கும் குதிரையைச் சொல்வது) | 73 | இல்லை |
| எக்ஸ்சேஞ்ச் வின், 26/1க்குச் சமம், 5% கமிஷன் | 92 | உண்டு |
| கட்டாமல் பார்ப்பது | 100 | – |

சம பலம் என்பது கணக்குக்காக வைத்தது. நிஜத்தில் புக்கியின் பங்கு எல்லாக் குதிரை மேலும் ஒரே மாதிரி விழாது. 50/1, 100/1 குதிரைகளில் கனமாகவும், 6/1, 8/1 குதிரைகளில் லேசாகவும் விழும். எழுபது எண்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. அதனால் 'பெரிய விலை, சின்னக் காசு' என்று 80/1 குதிரைகளில் தூவுகிறவருக்கு அட்டவணையின் முதல் வரி சொல்வதைவிட மோசமாகத்தான் திரும்பும்.

## புக்கியிடம் வின் மட்டும்

பெரும்பாலோர் செய்வது இது. பெரிய ஹேண்டிகேப்பில் மிக விலை கூடிய முறையும் இதுதான். திறமை இதைச் சரிக்கட்டாதா என்று கேட்கலாம். கணக்கு பாருங்கள்: 28ல் ஒரு வாய்ப்புக்குப் பதில் 20ல் ஒரு வாய்ப்பு உள்ள குதிரையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். சராசரியைவிட 40 சதவீதம் மேல், சாதாரண சாமர்த்தியம் அல்ல. அதையும் 18/1க்குக் கட்டினால் 100க்கு 95தான் திரும்பும். உங்கள் கண்ணில் பட்டது மற்றவர்கள் கண்ணிலும் பட்டால் விலை 12/1க்கு இறங்கிவிடும்.

மறைந்திருக்கும் செலவு ஸ்டார்ட்டிங் பிரைஸ். கடையில் குதிரைப் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் ரேஸ் தொடங்கும் நேரத்து விலைதான் கிடைக்கும். சீட்டில் விலையையும் எழுதி வாங்க வேண்டும். பார்த்த விலை, தொடங்கும் விலை இரண்டில் எது அதிகமோ அதைத் தரும் 'பெஸ்ட் ஆட்ஸ் கேரண்டீட்' சலுகை இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

அடுத்தது ரூல் 4. நீங்கள் கட்டிய பிறகு இன்னொரு குதிரை விலகினால், அந்தக் குதிரையின் விலையைப் பொறுத்து உங்கள் லாபத்தில் பிடித்தம் விழும். விலகியது 4/1 குதிரை என்றால் பவுண்டுக்கு 20 பென்ஸ், 6/1 முதல் 9/1 வரை 10 பென்ஸ். 14/1க்கு மேல் பிடித்தம் கிடையாது.

இந்த முறை எப்போது பொருந்தும்? 8/1 அல்லது அதற்குக் கீழே விலையுள்ள, எடையில் தெளிவான சாதகம் உள்ள ஒரு குதிரை இருக்கும்போது. 2023 நேஷனலில் கோராக் ரேம்ப்ளர் அப்படி ஒன்று. நேஷனலுக்கு எடை பிப்ரவரியில் அறிவிக்கப்படும். அதன்பின் ஜெயித்தாலும் கூடுதல் சுமை ஏறாது. மார்ச்சில் செல்டனத்தில் அது அல்டிமா என்ற தடையோட்டத்தை வென்றதும் ரேட்டிங் 10 ராத்தல் ஏறியது. நேஷனலில் சுமந்ததோ பழைய எடை. 8/1 ஃபேவரிட்டாக ஓடி வென்றது. இப்படி மதிப்பீட்டாளரே 'இதற்கு எடை குறைவு' என்று ஒப்புக்கொள்ளும் குதிரையை ரேஸ்காரர்கள் 'வெல்-இன்' என்பார்கள். பட்டியலில் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

## ஈச்-வே: இடம் எத்தனை, பங்கு எவ்வளவு

ஈச்-வே என்பது இரண்டு பந்தயம். 5 பவுண்டு ஈச்-வே என்றால் 10 பவுண்டு போகும்: 5 வின்னில், 5 பிளேஸில். 20/1 குதிரை, கால் பங்கு, 4 இடம் என்று எடுத்துக்கொள்வோம். ஜெயித்தால் வின் பாதி 105, பிளேஸ் பாதி 5/1 கணக்கில் 30, ஆக 135 திரும்பும். நாலாவதாக வந்தால் 30 மட்டும், அதாவது 20 பவுண்டு லாபம். அதே குதிரை, ஐந்தில் ஒரு பங்கு, 6 இடம் என்றால் ஜெயிக்கும்போது 130, ஆறாவது வரை வந்தால் 25.

பிரிட்டனின் வழக்கமான விதி இது. 16 குதிரையும் அதற்கு மேலும் ஓடும் ஹேண்டிகேப்பில் 4 இடம், கால் பங்கு. 12 முதல் 15 வரை 3 இடம், கால் பங்கு. 8 முதல் 11 வரை 3 இடம், ஐந்தில் ஒரு பங்கு. பெரிய ரேஸ்களுக்கு மட்டும் புக்கிகள் போட்டி போட்டுக்கொண்டு 5, 6, 7, நேஷனலுக்குச் சில நேரம் அதற்கும் மேல் இடம் தருவார்கள். பெரிய ஹேண்டிகேப்பில் புக்கி தன் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரே ஜன்னல் இது.

அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால் நடப்பது புரியும். 18/1 விலையில் 6 இடப் பந்தயத்தின் வின் பாதி 100க்கு 68தான் தருகிறது. பிளேஸ் பாதி மட்டும் 100க்கு 98.6 தருகிறது. 7 இடம், அதே 18/1 என்றால் பிளேஸ் பாதி 115ஐத் தொடும். வின் பாதியில் பறிகொடுப்பதைப் பிளேஸ் பாதி ஓரளவு ஈடுகட்டுகிறது. அதனால்தான் வின் பாதியை விட்டுவிட்டுப் பிளேஸ் மட்டும் அந்த நிபந்தனையில் கட்ட எந்தப் புக்கியும் விடுவதில்லை.

இனி இதிலுள்ள பொறிகள்.

விலைக் குறைப்பு. கூடுதல் இடம் தரும் புக்கி விலையைச் சத்தமில்லாமல் இறக்குவார். 7 இடம் என்ற விளம்பரத்தின் கீழ் 18/1 குதிரை 14/1 ஆக இருந்தால் திரும்புவது 74. நாலே இடம் தரும் பக்கத்துப் புக்கியின் 73க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மூன்று இடம் கூடுதலாகக் கொடுத்து நாலு புள்ளி விலையில் அதை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் செய்யக்கூடிய சோதனை: கூடுதல் இடப் புக்கியின் விலையையும், 4 இடம் தரும் புக்கிகளில் சிறந்த விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். 18/1க்குப் பதில் 16/1 வரை இறங்கியிருந்தாலும் 6, 7 இடம் அந்த 4 இடத்தைவிட மேல். 14/1 என்றால் விட்டுவிடுங்கள். 5 இடம் மட்டும் என்றால் விலை துளியும் இறங்கியிருக்கக் கூடாது. ஏனென்றால் கால் பங்கு ஐந்தில் ஒன்றாகக் குறைந்ததே அந்தக் கூடுதல் இடத்தைச் சாப்பிட்டுவிடுகிறது.

பதினாறு, பதினைந்து. வழக்கமான நிபந்தனையில் இடங்களின் எண்ணிக்கை உண்மையில் ஓடும் குதிரைகளைப் பொறுத்தது. காலையில் 16 பெயர், மதியம் ஒன்று விலகியது என்றால் நாலாவது இடம் மறைந்துவிடும். 16, 17 பெயர் மட்டும் உள்ள ரேஸில் ஈச்-வே கட்டுவதானால் கடைசி நேரம் வரை பொறுங்கள்.

சின்ன விலை. 5/1 குதிரைக்கு ஐந்தில் ஒரு பங்கு என்றால் பிளேஸ் லாபம் 1/1. இரண்டாவதாக வந்தாலும் போட்ட காசுதான் திரும்பும். அதற்கும் கீழே போனால் இடம் பிடித்தும் நஷ்டம். மறுகோடியில் 66/1 குதிரைகளின் விலையில் புக்கியின் பங்கு ஏற்கெனவே கனமாக ஏறியிருக்கிறது. பெரிய களத்து ஈச்-வேக்கு 12/1 முதல் 25/1 வரை உள்ள குதிரைகளே தோது என்பது எங்கள் கணிப்பு.

டெட் ஹீட். கடைசி இடத்துக்கு இரண்டு குதிரை சமமாக வந்தால் பிளேஸ் காசு பாதிக்குத்தான் கணக்கு. ஆறு ஃபர்லாங் ரேஸ்களில் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

எந்த ரேஸுக்கு ஈச்-வே நன்றாகப் பொருந்தும்? நேஷனலுக்கு. 34ல் கணிசமான குதிரைகள் விழுந்தோ, ஜாக்கியை உதறியோ, நிறுத்தப்பட்டோ ஓட்டத்தை முடிப்பதே இல்லை. தடுமாறாமல் தாண்டும், நாலு மைல் தாங்கும் குதிரைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு, ஜெயிக்கும் வாய்ப்போடு ஒப்பிட்டால் மற்ற ரேஸ்களைவிடக் கூடுதல். 2025ல் 11 ஸ்டோன் 12 ராத்தல் (ஒரு ஸ்டோன் 14 ராத்தல்) என்ற உச்ச எடையோடு ஐ ஆம் மேக்ஸிமஸ் இரண்டாவதாக வந்தது. வென்றது 33/1 நிக் ராக்கெட். ஐ ஆம் மேக்ஸிமஸை வின்னில் மட்டும் கட்டியவருக்கு ஒன்றும் இல்லை, ஈச்-வே கட்டியவருக்குப் பிளேஸ் காசு கிடைத்தது.

நேர்ப்பாதை ஓட்டங்களில் கதை வேறு. ராயல் ஹன்ட் கப்பில் 30 குதிரை வரை நேர் மைலில் ஓடும். களம் இரண்டு கும்பலாகப் பிரிந்து ஒன்று பார்வையாளர் மேடைப் பக்க வேலியை ஒட்டியும் மற்றது எதிர்ப்பக்கமும் போகும். தப்பான கும்பலில் மாட்டினால் எடைச் சாதகமும் உதவாது, ஏழு இடமும் உதவாது. ஹன்ட் கப் புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை குயின் ஆன் ஸ்டேக்ஸ் அதே நேர் மைலில் ஓடும்; எந்தப் பக்கம் வேகமாக இருந்தது என்று அதில் பாருங்கள். வோக்கிங்ஹாம் சனிக்கிழமை என்பதால் நாலு நாள் சாட்சி கையில் இருக்கும். முன்னால் ஓடி வேகம் கொடுக்கும் குதிரைகள் எந்த எண் தொடக்கக் கதவுகளில் நிற்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கும்பல் பெரும்பாலும் அவற்றின் பின்னால்தான் போகும். ஒன்றே ஒன்று: இதையெல்லாம் பார்த்துக் காத்திருந்தால் காலை விலை போய்விடும். நேர்ப்பாதையில் காத்திருப்பதே மேல்.

## எக்ஸ்சேஞ்ச்

இங்கே புக்கி இல்லை. கட்டுகிறவர்களே எதிரெதிராக நின்று விலை வைக்கிறார்கள். நடத்துபவருக்கு உங்கள் நிகர லாபத்தில் கமிஷன், பெரும்பாலும் 2 அல்லது 5 சதவீதம். 18/1 குதிரை இங்கே 26/1க்குப் போவது பெரிய களத்தில் அதிசயம் இல்லை. 100க்கு 92, கமிஷன் 2 சதவீதம் என்றால் 95. ஜெயிக்கிறவரின் கணக்கைச் சுருக்குவதும் கிடையாது.

குறை வறட்சிதான். 20ல் ஒரு வாய்ப்புள்ள குதிரையாகவே தேர்ந்தெடுத்து 200 முறை வின்னில் கட்டினால், நடுவில் 45 முறை தொடர்ந்து தோற்கும் காலம் ஒன்று வருவது சாதாரணம். ஆண்டுக்கு 40 பந்தயம் என்றால், திறமை இருந்தும் ஓராண்டு முழுக்க ஒன்றுகூட ஜெயிக்காமல் போகும் வாய்ப்பு சுமார் 13 சதவீதம். அப்படி ஓராண்டு போனால் தேர்வு தப்பா, அதிர்ஷ்டம் இல்லையா என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. இடம் பிடிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று என்றால், அதே 200ல் மிக நீளமான வறட்சி சாதாரணமாக 14 சுற்றளவில் நின்றுவிடும். மனசு தாங்குமா என்பதும் ஒரு அளவுகோல் என்று நினைப்பவர்கள் ஈச்-வே பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, காலையில் எக்ஸ்சேஞ்சில் காசு குறைவு. திரையில் தெரியும் 30/1க்குப் பின்னால் நாலு பவுண்டுதான் நிற்கலாம். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் நிஜமான விலை நிற்கும்.

தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் கணக்கறிவு உள்ளவருக்கு, 20/1க்கு மேல் விலையுள்ள குதிரையை வின்னுக்கு எடுப்பவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

## ஆன்ட்-போஸ்ட்: வாரங்களுக்கு முன்பே கட்டுவது

விலை பெரிதாக இருக்கும், இழப்பதற்கான வழிகளும் அதிகம். பழைய முறையில் குதிரை ஓடாவிட்டால் காசு போச்சு. காயமோ, தரை ஈரமோ, எந்தக் காரணமும் சொல்லிக் கேட்க முடியாது. நேஷனலில் இன்னொரு வழியும் உண்டு: எடை வரிசையில் முதல் 34க்குள் வராத குதிரைக்கு ஓடும் வாய்ப்பே கிடைக்காது. ஏர் கோல்ட் கப்பிலும் இப்படி மிஞ்சியவை ஏர் சில்வர் கப்புக்குப் போகும். கோல்ட் கப்புக்கு முன்கூட்டியே கட்டிய காசு கூடவே போகாது.

'நான்-ரன்னர் நோ பெட்' என்று ஓடாவிட்டால் காசைத் திருப்பித் தரும் நிபந்தனை வந்த பிறகு கட்டுவது பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்புக்குக் கொடுப்பது, குறைந்துபோன பந்தய விலை. தடை இல்லாத தட்டையான ஓட்டங்களில் எந்தக் கதவு கிடைக்கும் என்பதும் இரண்டு நாளுக்கு முன்புதான் தெரியும் என்பதால் ஹன்ட் கப், வோக்கிங்ஹாம் இரண்டுக்கும் முன்கூட்டிக் கட்டுவது கண்ணை மூடிக்கொண்டு கட்டுவது மாதிரி. பொருந்துவது இரண்டு நிலைமையில்: நேஷனல் எடை அறிவித்த பிறகு செல்டனத்தில் ஓடப்போகும், இடம் உறுதியான குதிரை, அல்லது சீசரவிச் போன்ற நீண்ட ஓட்டத்துக்குத் தடையோட்டப் பயிற்சியாளர்கள் கொண்டுவரும் குதிரை. 2 மைல் 2 ஃபர்லாங் ஓடும் சீசரவிச்சை அயர்லாந்துப் பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸ் 2018, 2019, 2020 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றார்.

## டோட்

எல்லார் காசையும் ஒரு குடத்தில் போட்டு, நடத்துபவர் பங்கை எடுத்து, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பது. வின் குடத்தில் எடுப்பது 19.25 சதவீதம். எட்டுக் குதிரை ரேஸில் இது அநியாயம். 28 குதிரை ரேஸில் புக்கி எடுக்கும் 32 சதவீதத்துக்கு முன்னால் இது மலிவு. கூட்டம் கவனிக்காத 25/1, 33/1 குதிரைகளுக்கு டோட் சில நேரம் புக்கியைவிட நிறையத் தருவது இதனால்தான். ஃபேவரிட்டுக்கும் பேர்போன ஜாக்கியின் குதிரைக்கும் டோட் பக்கம் போகாதீர்கள். கூட்டத்தின் காசு முழுக்க அங்கேதான் குவியும்.

பிளேஸ்பாட் என்பது முதல் ஆறு ரேஸிலும் இடம் பிடிக்கும் குதிரையைச் சொல்வது. 27 சதவீதம் எடுக்கிறார்கள். 2 பவுண்டில் ஒரு மதியம் முழுக்கப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும். பெரிய ஹேண்டிகேப் இருக்கும் நாளில் அந்த ரேஸுக்கு ஒரு குதிரைக்குப் பதில் நாலைந்து குதிரை எழுதுங்கள், மற்ற ரேஸ்களுக்கு ஒவ்வொன்று போதும். 5 குதிரை எழுதினால் 5 வரி. வரிக்கு 40 பென்ஸ் என்றால் அதே 2 பவுண்டு. பிளேஸ்பாட் உடைவது பெரும்பாலும் அந்த ஒரு ரேஸில்தான்.

## கட்டாமல் இருப்பதும் ஒரு முறை

அட்டவணையில் 100க்கு 100 தருவது இது ஒன்றுதான். இதை ஒப்புக்குச் சேர்க்கவில்லை. கூடுதல் இடம் கிடைக்கவில்லை, எக்ஸ்சேஞ்ச் கணக்கு இல்லை, வெல்-இன் குதிரை எதுவும் தெரியவில்லை என்றால், அந்த ரேஸை உட்கார்ந்து பார்ப்பதுதான் சரியான முடிவு. வருமானத்துக்கு வழி தேடி இங்கே வருகிறவர்களிடம் நேராகவே சொல்கிறோம்: வீட்டு வாடகைக்கும் பிள்ளைகள் செலவுக்கும் இந்தக் கணக்கில் இடம் கிடையாது. பிரிட்டனில் ஜெயித்த காசுக்கு வரி இல்லை என்பது உண்மைதான்; தோற்ற காசுக்கு ஈடும் இல்லை.

கட்டத்தான் போகிறேன் என்பவர் செய்ய வேண்டியது: ஆண்டுக்கு இவ்வளவு என்று தனியாக ஒதுக்குங்கள். 200 பவுண்டு என்றால் ஒரு பந்தயத்துக்கு மொத்தம் 4 பவுண்டு, அதாவது 2 பவுண்டு ஈச்-வே, 50 சுற்று வரும். நேஷனலில் 2 பவுண்டு, ஹன்ட் கப்பில் 20 பவுண்டு என்று ஏற்ற இறக்கம் வேண்டாம். ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள்: எடுத்த விலை, தொடங்கும்போது இருந்த விலை, எத்தனை இடம், என்ன பங்கு. 50 பந்தயத்தில் ஜெயித்தீர்களா என்பதைவிட, எடுத்த விலை தொடங்கும் விலையைவிட எத்தனை முறை பெரிதாக இருந்தது என்பதைப் பாருங்கள். பாதிக்கு மேல் சிறிதாக இருந்தால் உங்கள் நேரம் தப்பு. எல்லாரும் கைவிடும் குதிரையை முன்கூட்டியே எடுக்கிறீர்கள்.

கணக்கில் காசு போடும் வரம்பை முதல் நாளே வையுங்கள். 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் கட்ட முடியாது. 2025 பிப்ரவரி முதல் 30 நாளில் நிகரமாக 150 பவுண்டுக்கு மேல் போட்டால் புக்கி உங்கள் நிதி நிலையை மேலோட்டமாகச் சோதிப்பார். அதைத் தப்பிக்கக் காசைப் பல கணக்கில் பிரித்துப் போடத் தோன்றினால், அந்த எண்ணமே நிறுத்த வேண்டிய நேரத்தைக் காட்டுகிறது. கேம்ஸ்டாப் (GAMSTOP) என்ற இலவசப் பதிவில் பெயர் கொடுத்தால் பிரிட்டனில் உரிமம் பெற்ற எல்லா இணையப் புக்கிகளும் 6 மாதமோ, 1 ஆண்டோ, 5 ஆண்டோ உங்களை உள்ளே விடமாட்டார்கள். தேசிய சூதாட்ட உதவி எண் 0808 8020 133, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். கட்டுகிறவர் மட்டும் அல்ல, அவர் வீட்டில் இருப்பவரும் அழைக்கலாம்.